பொட்டலத்தின் முன்னால் ஜிம்மி

நம் வயதுக்காரர்கள் பலர் இப்போது நாய் வளர்க்கிறோம். பிள்ளைகள் சிங்கப்பூர், மெல்பர்ன் என்று போய்விட்டார்கள். கதவைத் திறந்தால் ஓடிவர வீட்டில் ஒரு ஜீவன் வேண்டுமே. கிள்ளானில் நம் அடுக்குமாடிக்குக் கீழே காலை நடை முடித்து உட்கார்ந்தால் பேச்சு முட்டிவலி, சர்க்கரை, அதை விட்டால் நாய். போன வாரம் உங்களில் ஒருவர் கைப்பேசியில் ஒரு காணொளி காட்டினீர்கள். நாயின் மூளைக்கு வேலை கொடுக்கும் விளையாட்டுகளாம். துண்டைச் சுருட்டி அதற்குள் தீனியை ஒளிக்கிறார்கள். கேக் தட்டின் குழிகளில் தீனியைப் போட்டுப் பந்தால் மூடுகிறார்கள். கடைசியில் ஒரு சின்ன மணி. அதை அடித்த பிறகுதான் நாய் தின்ன வேண்டும். நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். நான் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டேன். "அவங்களுக்கு நாய்னா ஆகாது லா" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

ஆகும். ரொம்பவே ஆகும். அந்த விளையாட்டுகளை எல்லாம் நானும் அக்காவும் எப்போதோ கண்டுபிடித்துவிட்டோம், எங்களைப் படம் எடுக்கத்தான் ஆள் இல்லை. ஆனால் நாங்கள் அதை நாயின் மூளைக்காகச் செய்யவில்லை, பயத்தில் செய்தோம். அந்தக் காணொளியில் மணி அடித்தபோது அந்தப் பயம் அப்படியே திரும்பி வந்தது.

எங்கள் வீடு பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ். ஒரே அச்சில் வார்த்த வீடுகள், வரிசை வரிசையாக. சமையலறைக்குப் பின்னால் சின்ன முற்றம், முற்றத்துக்குக் கம்பிவேலி, வேலிக்கு அப்பால் லோங்காங் என்று நாம் சொல்லும் பெரிய சாக்கடை, அதைத் தாண்டினால் பின்சந்து. அப்பா யார்டில் ரயில் பெட்டிகளைக் கோத்துவிடும் வேலை பார்த்தார். குளித்துவிட்டு வந்தாலும் அவர் மேல் கிரீஸ் வாசனை லேசாக இருக்கும். எனக்கு அந்த வாசனை பிடிக்கும். நான் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அக்கா இடைநிலைப் பள்ளிக்குப் போக ஆரம்பித்திருந்தாள், அதனால் உலகத்தில் அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

ஜிம்மி எங்கள் நாய். சாயம்போன கறுப்பு, ஒரு காது நிற்கும், மற்றது மடிந்து தொங்கும். கொப்பிக் கடை என்று நாம் சொல்லும் காப்பிக் கடைக்குப் பின்னால் குட்டியாகக் கிடந்ததை அக்காதான் தூக்கிவந்தாள். பகலெல்லாம் ஊர் சுற்றிவிட்டு, அம்மா விளக்கேற்றும் நேரத்துக்கு முற்றத்தில் ஆஜராகிவிடும். எங்கள் வீட்டில் சாயங்காலம் சாமி மேடையில் மணி அடிக்காமல் யாரும் எதையும் வாயில் வைக்கக் கூடாது. அது அம்மாவின் சட்டம், அதில் அப்பாவுக்கே விலக்கு கிடையாது. ஜிம்மிக்கும் மணிக்குப் பிறகுதான் சோறு. மணிச் சத்தம் கேட்டதும் அது வாலால் பின்கதவைப் பட்பட்டென்று அடிக்கும்.

அந்த வருடம் பள்ளி விடுமுறைக்குக் கொஞ்சம் முன்னால், அடுத்த வரிசையில் ஒரு சின்னப் பிள்ளையைத் தெருநாய் கடித்துவிட்டது. தொடையில் நல்ல கடி. பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வயிற்றில் ஊசி போட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அந்த ஊசியின் நீளத்தை ஆளாளுக்கு ஒரு அளவு காட்டினார்கள். ஆண்கள் எல்லாரும் கொப்பிக் கடையில் கூடிப் பேசினார்கள். அதன் பிறகு நாய்கள் சாக ஆரம்பித்தன.

முதலில் கொப்பிக் கடை நாய். பள்ளிக்குப் போகும்போது லோங்காங் ஓரத்தில் அது கிடந்தது, நான்கு கால்களும் விறைத்து, பல் தெரிய. நான் பார்த்த முதல் சாவு அதுதான். அடுத்து கோயில் வாசலில் படுத்திருக்கும் கிழட்டு வெள்ளை நாய். அடுத்து ஒரு தாயும் அதன் குட்டிகளும். "யாரோ மருந்து வைக்கிறான்" என்று பெரியவர்கள் சொன்னார்கள். அப்பாவும் சோற்றைப் பிசைந்துகொண்டே அதையேதான் சொன்னார். அந்த 'யாரோ' எனக்குக் கனவில் வந்தான். முகம் இருக்காது, கையில் மட்டும் ஏதோ இருக்கும்.

ஜிம்மியைக் கட்டிப் போட்டோம். பின்வேலிக் கதவுக்கு அப்பா பூட்டு போட்டார். ஊர் சுற்றிய நாய் கட்டுக்கு அடங்குமா? ஊளையிட்டது, கயிற்றைக் கடித்தது, அம்மா காயப்போட்ட கைலியைக் கிழித்தது. ராத்திரி வேலை முடித்து வந்து பகலில் தூங்கும் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னொரு தடவ ஊளையிட்டுச்சுன்னா, லோரி அங்கிள்கிட்ட சொல்லி தெலுக் பங்லிமா காராங் பக்கம் கொண்டுபோய் விட்டுடுவேன். பொய் சொல்லல" என்றார்.

அப்பா பொய் சொல்ல மாட்டார் என்பது எங்களுக்குத் தெரியும். வெளியே விட்டால் மருந்து. உள்ளே கத்தினால் லோரி. எங்கள் கையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: ஜிம்மி சத்தம் போடாமல் இருக்க வேண்டும்.

அக்காதான் ஆரம்பித்தாள். காலிப் பால் டின்களைக் கழுவி முற்றத்தில் கவிழ்த்து வைத்தாள். ஒன்றின் கீழே மட்டும் பிஸ்கட் துண்டு. ஜிம்மி ஒவ்வொரு டின்னாக மோப்பம் பிடித்து, மூக்கால் தள்ளி, கண்டுபிடித்துத் தின்றது. தின்று முடித்ததும் எங்களை நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே, பரீட்சையில் முதலாவது வந்த பிள்ளை மாதிரி! அன்று மத்தியானம் அது ஊளையிடவில்லை, களைத்துப்போய்த் தூங்கியது. அதன் பிறகு எங்கள் கைக்குக் கிடைத்ததெல்லாம் விளையாட்டானது. அரிசிச் சாக்கைச் சுருட்டி மடிப்புக்குள் நெத்திலி. முட்டை அட்டையின் குழிகளில் நெத்திலித் தலை, மேலே கசக்கிய காகிதம். அப்பாவின் பழைய பூட்ஸுக்குள் கருவாட்டு முள். இப்போது கடையில் பிளாஸ்டிக்கில் விற்கிறார்களே, அந்தச் சாமான்கள் எதிலும் கருவாட்டு வாசனை வராது.

கடைசியாகக் கண்டுபிடித்ததுதான் பொட்டலம். நாளிதழ்த் தாளில் கொஞ்சம் சோறும் மீனும் வைத்து, கடையில் நாசி லெமாக் சோறு மடிப்பது போல மடித்து, ரப்பர் வளையம் போட்டு வைப்போம். ஜிம்மி வளையத்தைப் பல்லால் இழுத்துக் கழற்றி, தாளைக் கிழிக்காமல் விரிக்கக் கற்றுக்கொண்டது. எங்களுக்கு ஒரே பெருமை.

அடுத்த வாரம் பின்சந்தில் இன்னொரு நாய் செத்துக் கிடந்தது. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அதன் முகத்துக்குப் பக்கத்தில் ஒரு நாளிதழ்த் தாள் விரிந்து கிடந்தது. தாளின் மேல் ஒரு ரப்பர் வளையம்.

 அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, ஜிம்மிக்குப் பிரிக்கத் தெரியும்" என்றேன்.

"தெரியும்டீ. சும்மா இரு. யோசிக்க விடு."

யோசித்து அவள் கண்டுபிடித்ததுதான் மணி. பொட்டலத்தை மறக்கவைக்க முடியாது. ஆனால் காத்திருக்கப் பழக்கலாம். "நமக்கு இருக்கிற சட்டம்தான் அதுக்கும். சாமி மணி அடிக்காம எந்தப் பொட்டலத்தையும் தொடக்கூடாது" என்றாள். அன்று முதல் விளக்கேற்றும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் முற்றத்தில் பொட்டலத்தை வைப்போம். ஜிம்மி பாய்ந்தால் அக்கா அதைத் தட்டிப் பறிப்பாள். உள்ளே அம்மா மணி அடித்ததும் விட்டுவிடுவோம். அம்மாவுக்கு எதுவும் தெரியாது. பள்ளி விடுமுறை முழுவதும் வேறு வேலையே இல்லை. விடுமுறை முடிவதற்குள் ஜிம்மி பொட்டலத்தின் முன்னால் குந்தி உட்காரப் பழகிவிட்டது. வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கும், உடம்பு நடுங்கும், ஆனால் தொடாது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் எழாது. பொட்டலத்தைக்கூடப் பார்க்காது. மணிச் சத்தம் வரும் பின்கதவையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருக்கும்.

"இனி பயமில்ல. அவிழ்த்துக்கிட்டு ஓடினாலும் எவன் பொட்டலத்தையும் தொடாது" என்றாள் அக்கா. நானும் நம்பினேன். மணி அடிக்கிற நேரத்திலேயே அப்படி ஒரு பொட்டலம் வெளியே கிடக்கலாம் என்பது எங்கள் இரண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லை.

அது ஒரு வெள்ளிக்கிழமை. அப்பா காலையில் பாசாரிலிருந்து ஆட்டு ஈரல் வாங்கி வந்தார்.

"வெள்ளிக்கிழமை அதுவுமா ஈரலா? உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றாள் அம்மா.

"நமக்கில்ல. யார்டுல ஒருத்தன் கேட்டான். வறுத்து மட்டும் குடு."

அம்மா முணுமுணுத்துக்கொண்டே முற்றத்தில் தனி அடுப்பு மூட்டி, பழைய சட்டியில் மிளகு போட்டு வறுத்துக் கொடுத்துவிட்டு, தலைக்குக் குளித்தாள். அப்பா எங்களைப் பார்த்து, "இன்னிக்கு ஜிம்மிய அவிழ்க்காதீங்க. நல்லா கட்டிப் போடுங்க" என்றார். அதை அவர் தினமும் சொல்வதில்லை. நான் அதை யோசிக்கவில்லை.

சாயங்காலம் சாமிக்குச் செம்பருத்தி பறிக்க முற்றத்துக்கு வந்தேன். தூணில் கயிறு மட்டும் தொங்கியது, முனை கடிபட்டு. ஜிம்மி முன்வாசல் வழியாக வெளியேறி வீட்டைச் சுற்றிப் போயிருக்க வேண்டும். ஏனென்றால் அது வேலிக்கு அந்தப் பக்கம், லோங்காங்கைத் தாண்டி, பின்சந்தில் உட்கார்ந்திருந்தது. அதன் முன்னால் ஒரு நாளிதழ்ப் பொட்டலம். எச்சில் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. கண் எங்கள் பின்கதவின் மேல்.

 கூப்பிட்டாலும் அது எழாது, நாங்கள்தான் அப்படிப் பழக்கியிருந்தோம். வேலிக் கதவில் பூட்டு. அப்போது வீட்டுக்குள் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. அம்மா விளக்கேற்றுகிறாள். அடுத்தது மணி.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. முன்னறையில் தலை வாரிக்கொண்டிருந்த அக்காவிடம் "ஜிம்மி, பின்சந்து, பொட்டலம்" என்று மட்டும் சொன்னேன். சீப்பைப் போட்டுவிட்டு அவள் முன்வாசல் வழியாகப் பறந்தாள். அவள் வரிசையைச் சுற்றி வர வேண்டும். நான் சாமி மேடைக்குப் பாய்ந்தேன். அம்மா மணியைக் கையில் எடுத்துவிட்டாள். அதன் நாக்கை என் விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"ஏய்! என்னடீ பண்ற? விடு!"

நான் விடவில்லை. அம்மா கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள். சாமி மேடையின் முன்னால் அவள் கை ஓங்கியது அன்று ஒரு நாள்தான்.

"என்ன புடிச்சிருக்கு உனக்கு? மணிய விடுடீ!"

"அடிக்காதம்மா, அடிக்காதம்மா" என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. நான் அடிக்குப் பயந்து கத்துகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவள் மணியை இழுக்க, நான் இழுக்க, என் விரலிடுக்கில் நாக்கு வழுக்கிக்கொண்டே இருந்தது. வியர்வையில் அது எந்த நொடியும் நழுவிவிடும் என்று தெரிந்தது. அப்போதுதான் பின்பக்கமிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "ஐயோ" என்றார், அவ்வளவுதான். அப்பா அப்படி ஒரு சத்தம் போட்டு நாங்கள் கேட்டதில்லை. அம்மா மணியை விட்டாள். நான் அதைப் பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டு அவள் பின்னால் ஓடினேன்.

அப்பா பின்கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ராத்திரி வேலைக்குப் புறப்பட்ட சட்டை, ஒரு காலில் மட்டும் பூட்ஸ். அந்தப் பக்கம் ஜிம்மி அசையாமல் உட்கார்ந்து கதவையே பார்த்தது. கதவில் அப்பா நின்றார். பூட்டைத் திறக்கச் சாவியை எடுத்தார், அது கீழே விழுந்தது. எடுத்தார், மறுபடியும் விழுந்தது.

அதற்குள் அக்கா சந்துக்குள் வந்துவிட்டாள். ஓடி வந்தவள் ஜிம்மிக்குப் பக்கத்தில் வந்ததும் மெதுவாக நடந்து, கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பொட்டலத்தைக் காலால் உதைத்தாள். அது பிரிந்து சிதறியது. மிளகு வாசனை வேலி வரைக்கும் வந்தது. சிதறிய துண்டுகளை ஒவ்வொன்றாகச் செருப்புக் காலால் லோங்காங்கில் தள்ளினாள்.

அம்மா அதைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"ஏங்க, அது காலையில நான் வறுத்த ஈரல்தானே?"

அப்பா படியில் உட்கார்ந்துவிட்டார். "நான் மட்டுமில்ல. எல்லா வீட்டு ஆம்பளையும்தான். முறை வச்சு. இன்னிக்கு என் முறை" என்றார். மற்றவர்கள் இருட்டிய பிறகு வைத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு ராத்திரி வேலை, அதனால் வெளிச்சம் இருக்கும்போதே வைத்துவிட்டார். "பிள்ளைங்கள கடிக்குதுன்னுதான்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பிறகு வேலிப் பக்கம் கையை நீட்டினார்.

"அது தொடவே இல்ல, பாத்தியா. என்னையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு. நான்தான் வச்சேன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு."

நான் வாயைத் திறந்தேன். ஜிம்மியை இழுத்துக்கொண்டு முன்வாசல் வழியாக வந்து சேர்ந்த அக்கா என் தோளை அழுத்தினாள். பிறகு குளியலறைக்குள் தள்ளிக்கொண்டுபோய், "மணி கதைய யார்கிட்டயும் சொல்லாத. அம்மாகிட்டகூட. ஆம்பளைங்க பயந்தாத்தான் நிறுத்துவாங்க" என்றாள்.

நிறுத்தினார்கள். அப்பா கொப்பிக் கடையில் சொன்னதும் செய்தி வரிசை வரிசையாகப் பரவியது. வைரவருடைய வாகனம் சும்மா இருக்குமா என்றார் ஒருவர். தான் வைத்த வாரம்தான் தன் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது என்றார் இன்னொருவர். அதன் பிறகு பொட்டலங்கள் இல்லை. பயம் மட்டும் ஆள் மாறியது. அப்பா ஜிம்மிக்குச் சோறு வைக்காமல் தான் சாப்பிட உட்கார மாட்டார். விளக்கேற்றும் நேரத்தில் பின்கதவுப் பக்கம் போக மாட்டார். அது பாசத்தோடு காலை உரசினால் விறைத்துப்போய் நிற்பார்.

என் பயமும் போகவில்லை, இடம் மாறிக்கொண்டது. சம்பள நாளில் அப்பா எங்களுக்கு நாசி லெமாக் வாங்கிவருவார். நாளிதழ்த் தாள், ரப்பர் வளையம். "பிரிம்மா" என்பார் ஆசையாக. அக்கா ஒரு வாய் தின்று விழுங்கும்வரை நான் பிரிக்க மாட்டேன். அவர் எனக்கு எதுவும் செய்ய மாட்டார் என்று தெரியும். தெரிந்தும் தொண்டைக்குள் இறங்காது. கனவில் வரும் ஆளுக்கு முகம் வந்துவிட்டது, மேலே கிரீஸ் வாசனையும் வந்துவிட்டது. நான் மெலிந்துபோவதைப் பார்த்து அம்மா வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தாள்.

ஜிம்மி கிழடாகி, தூக்கத்திலேயே செத்தது. அம்மா போனாள். அப்பா கடைசி வருடங்களில் கிள்ளானில் அக்கா வீட்டில்தான் இருந்தார். அக்கா வீட்டிலும் ஒரு நாய், அதற்கும் அவள் பால் டின் விளையாட்டெல்லாம் வைத்துக்கொண்டிருந்தாள். அது பழுப்பு நிறம், ஜிம்மியின் ஜாடை கொஞ்சமும் கிடையாது. ஒரு நாள் அக்கா கடைக்குப் போயிருந்தாள், நான் அப்பாவுக்குத் துணையாக இருந்தேன். நாற்காலியில் தேத்தண்ணீரும் பிஸ்கட்டுமாக அவர். நாய் எதிரே வந்து குந்தி உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தது. கோப்பையும் கையுமாக அப்பா கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். நெற்றியெல்லாம் வியர்வை.

"அத அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போம்மா. ஏன் என்னைப் பாக்குது? இதுக்கும் தெரியுமா?"

எண்பதைத் தாண்டிய மனிதர் ஒரு நாய்க்கு முன்னால் இப்படி ஒடுங்குவதை என்னால் பார்க்க முடியவில்லை. போதும் என்று தோன்றியது. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டின்கள், சாக்கு, பொட்டலம், அம்மாவின் மணி. "அதுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. அது உங்களப் பாக்கல, மணிக்காகக் கதவைத்தான் பாத்துச்சு. நீங்க அங்க நின்னீங்க, அவ்வளவுதான்" என்றேன். இத்தனை வருடப் பயத்தை ஒரே வாக்கியத்தில் இறக்கிவைத்துவிட்டதாக நினைத்தேன்.

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். நாயைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப அன்னிக்கு மணி அடிச்சிருந்தா?"

"தின்னிருக்கும்பா."

"என்மேல கோவமா பாக்கல?"

"இல்லப்பா. சோத்துக்குத்தான் காத்திருந்துச்சு."

அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த நிம்மதி வரவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். விரல்களுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அதுக்குத் தெரிஞ்சிருந்துச்சுன்னு நினைச்சுக்கிட்டே நான் செத்திருக்கலாம்மா. ஒண்ணும் தெரியாம, நாம வச்ச சோறுன்னு நம்பியா உக்காந்திருந்துச்சு?"